பாட்டுக்குள் அடித்த பெரட்டு மணி

மலேசியாவில், லாபு பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டுக்கு மிக்சர் வந்த அன்று, அம்மா தேங்காய் துருவி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "மிக்சர் வாங்கப் போறேன்" என்று நான் பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா, அம்மிக்கு விடுதலை என்று நினைத்துவிட்டாள். லுக்குட் பட்டணத்து ரேடியோ பழுது பார்க்கும் கடையிலிருந்து மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்ததோ, திருகு திருகாக இருந்த ஒரு தட்டைப் பெட்டி.

"இதுல சட்னி எங்கடி போடுறது?"

"இதுல சத்தத்தத்தான்மா அரைக்கணும்."

"அதான் நீ தெனமும் வாயாலயே அரைக்கிறியே, அதுக்குத் தனியா ஒரு சாமானா?"

அது எண்பதுகளின் நடுவில். சிரம்பான் பக்கம் எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் ஈயம் வைக்கும் வேலை எனக்கு. ஒயரைக் கண்டு பயமில்லை. எனக்குப் பொறுக்காதது ஒன்றுதான். ஒவ்வொரு வருடமும் கோயில் திருவிழாவுக்கு மரத்து உச்சியில் கட்டும் ஹார்ன் ஒலிபெருக்கியில் பட்டணத்துக் கடை கேசட்டைத்தான் போடுவார்கள். என் அம்மா பால்மரம் சீவிக்கொண்டே பாடினால் பக்கத்து நிரையில் இருப்பவர்கள் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். அந்தக் குரல் ஒரே ஒரு திருவிழாக் காலையில் அந்த ஹார்னில் வர வேண்டும், அதை அவள் கேட்க வேண்டும். கோயில் தலைவரிடம் போய்ச் சொன்னேன்.

"ஒங்கம்மா நல்லாத்தான் பாடும். ஆனா கேசட்டு தெளிவா இருக்கணும்லா. கொர்ருன்னு கேட்டுச்சுன்னா, கடை கேசட்டுதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாத்துருவோம் மாமா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சொல்லிக் கொடுக்க ஆளில்லை, புத்தகமும் இல்லை. என்னிடம் ஒரு கேசட் ரிக்கார்டர், அண்ணனிடம் ஒன்று. முதல் ரிக்கார்டரில் அம்மாவின் குரலைப் பிடிப்பது, பிறகு அதை ஓடவிட்டு, அண்ணன் உடுக்கை அடிக்க, இரண்டையும் மிக்சர் வழியாக அடுத்த ரிக்கார்டருக்கு அனுப்புவது. இதுதான் என் ஸ்டூடியோ. சுவரெல்லாம் மளிகைக்கடையில் கெஞ்சி வாங்கிய முட்டை அட்டை. சன்னலை அடைக்க அம்மாவின் மெத்தை. குரல் கேட்கவில்லை என்று குரலை ஏற்றுவேன். உடனே உடுக்கை கேட்காது, அதை ஏற்றுவேன். கடைசியில் இரண்டும் சேர்ந்து கரகரக்கும். எரிச்சலில் ஹெட்ஃபோனைத் தூக்கிக் கட்டிலில் எறிவேன். குரல் மேலே வர வேண்டுமானால் உடுக்கையைக் கீழே இறக்க வேண்டும் என்ற சின்ன விஷயம் புரிவதற்குள் அண்ணனுக்கு விரல் வீங்கிவிட்டது.

அம்மாவுக்கு விடியற்காலையில்தான் குரல் திறக்கும். அக்கம்பக்கத்து ரேடியோக்களும் அப்போதுதான் வாயை மூடியிருக்கும். அதனால் வேலைக்குக் கிளம்பும் முன் பாட வைத்தேன். கடைசியான மூன்றாவது அடியில் இருக்கும்போது பெரட்டு மணி அடித்தது. பெரட்டு என்றால் வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை இரும்பால் அடிப்பார்கள். அந்த அடியைப் பாடி முடித்த கையோடு அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். "இன்னொரு தடவ பாடும்மா" என்றால், "பேர் கூப்பிடும்போது நீ போயி நிக்கிறியா?" என்றாள். மறுநாள் விடிந்ததும் கேசட்டைத் தலைவரிடம் கொடுத்தாக வேண்டும்.

குரலும் மணியும் ஒரே மைக்கில் விழுந்துவிட்டன. பிரிக்க வழியில்லை. அந்த இடத்தில் மட்டும் உடுக்கையின் கும்மென்ற கனத்த சத்தத்தை ஏற்றி மணியை மூடினேன். ஹெட்ஃபோனில் மணியே இல்லை. தலைவர் தன் வீட்டு ரேடியோவில் போட்டுக் கேட்டுவிட்டு, "தெளிவா இருக்கு" என்றார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

திருவிழா அன்று தோட்டத்துக்கு லீவு. பொழுது விடிய ஹார்னில் அம்மா பாட ஆரம்பித்தாள். நான் கோயில் வாசலில் நின்றேன். மூன்றாவது அடி வந்தது. டாங், டாங், டாங்! அந்த ஹார்னில் கனத்த சத்தமே வராது, கணீரென்ற சத்தம்தான் வரும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உடுக்கை காணாமல் போய்விட்டது, இரும்பு மட்டும் தோட்டம் முழுக்கக் கணீரென்று கேட்டது. பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் நுரையோடு வெளியே வந்தார்கள். மண்டோர் இடுப்புத் துண்டோடு ஓடிவந்து, "எவன்டா மணி அடிச்சது? இன்னிக்கு லீவுலா!" என்று கத்தினார்.

அம்மாவும் வந்தாள். பட்டுச்சேலை, தலையில் பூ, கையில் பால் வாளி.

"நிக்கிறியே, நேரமாச்சுடி!"

"அய்யோ அம்மா, அது ஒம் பாட்டும்மா!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை பாடுபட்டும் அவள் தன் குரலைக் கேட்கவில்லை, மணியைத்தான் கேட்டாள். தலைவர் வருவதைப் பார்த்ததும் கடை கேசட்டைத்தான் எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "திரும்பப் போடுலா!"

அம்மா வாளியை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். "இது நானாடி?" என்று என்னைக் கேட்டாள். அப்புறம் அவள் உதடும் கூடவே பாடியது. மூன்றாவது அடி வந்தது. மணி அடித்தது. கூட்டம் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது.

அம்மா வாளியைக் கீழே வைத்தாள்.

"அடிக்கட்டும்லா. இன்னிக்கு நான் வரல."