கன்னி நாய்க்குப் பத்து நாள்

கழுகுமலைப் பக்கத்துக் கரிசல் ஊரில் பிறந்தவள் முப்பிடாதி. 1974இல் இலத்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது சீரோடு ஒரு கன்னி நாய்க்குட்டியும் வந்தது. கறுப்பு உடம்பு, செம்பழுப்புக் கால்கள். வளர்ந்த பிறகு வயிறு ஒட்டி, விலா எலும்பு தெரிய நின்றது. வெட்டவெளியில் முயலைக் கண்ணால் பார்த்தே துரத்திப் பிடிக்கிற சாதி அது. இலத்தூர்க்காரர்களுக்கோ காட்டுப்பன்றியை மறிக்கும் தடித்த கோம்பை நாய்கள்தான் பழக்கம். கன்னியை ‘சீக்கு நாய்’ என்றார்கள்.

எழுபத்தெட்டில் ஒரு வெறிநாய் ஊருக்குள் இரண்டு கன்றுகளைக் கடித்தது, இரண்டும் செத்தன. அந்த வாரமே, வைக்கோல் எடுக்க வந்த பக்கத்து வீட்டு மாடக்கண்ணுவின் கெண்டைக்காலைக் கன்னி கவ்விவிட்டது. முப்பிடாதியின் கணவன் பட்டாளத்தில் இருந்தான். அவன் தம்பி சங்கிலிப்பாண்டி கம்போடு வந்தான். பின்னால் பத்துப் பேர்.

“வெளிய விடுங்க மதினி. ஒரே அடில முடிச்சிருதேன்.”

அவள் தொழுவக் கதவை மறித்து நின்றாள். “மொதல்ல மாடக்கண்ணு அண்ணாச்சிய தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நாயக் கட்டிப் போட்டிருக்கேன்.”

டாக்டர் தொப்புளைச் சுற்றி ஊசி போடத் தொடங்கினார். “நாயைக் கொல்லாதீங்க. பத்து நாள் நல்லா இருந்தா ஊசிய நிறுத்திரலாம்” என்றும் சொல்லி அனுப்பினார்.

நாலாம் நாள் கன்னி தண்ணீரைத் தொடவில்லை. கதவிடுக்கில் ஊரே எட்டிப் பார்த்தது. மூலையில் தலையைப் புதைத்து நடுங்கியது நாய்.

“தண்ணியக் கண்டு பயப்படுது, பாத்தீங்களா?” சங்கிலிப்பாண்டி கம்பை எடுத்தான்.

வீட்டுக்குள்ளே முப்பிடாதியின் இரண்டு வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். நிஜமாகவே வெறிதானோ? ஆனால் பிறந்த வீட்டில் விருந்தாளி வந்தால் கன்னி நாய்கள் நாள் முழுக்கப் பட்டினி கிடந்ததைப் பார்த்தவள் அவள்.

“கூட்டத்தக் கண்டுதான் பயப்படுது. கூச்ச சாதி. எல்லாரும் தெருவுக்குப் போங்க, நான் உள்ள போறேன்.”

“கடிச்சிட்டா?”

“அப்பொறம் நீங்களே அடிங்க.”

தண்ணீர்ச் சட்டியை வைத்துவிட்டு, நாயைப் பார்க்காமல் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். ஈக்கள் மொய்த்தன. கழுத்துக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் நெருங்கியது. அவள் அசையவில்லை. வெகுநேரம் கழித்து, நாக்கு தண்ணீரை நக்கும் சத்தம் கேட்டது. சட்டி காலியான பிறகுதான் அழுதாள்.

பத்தாம் நாளும் கன்னி நன்றாகவே இருந்தது. ஊசி நின்றது. மாடக்கண்ணு நொண்டியபடி வந்தார். “வைக்கோல் கட்டு கண்ண மறச்சிட்டு. வால மிதிச்சிட்டேன் தாயி.”

“இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா?”

அவர் நொண்டிக்கொண்டே திரும்பிப் போனார்.

மறுவருஷம் கன்னி நாலு குட்டி போட்டது. சங்கிலிப்பாண்டி ஒன்று கேட்டான். முப்பிடாதி தர மறுத்துவிட்டாள். இரண்டு வருஷம் அவன் அவளோடு பேசவில்லை.