அண்ணனும் படகு மோட்டாரின் கீழ்ச் சிலிண்டரும்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அண்ணனின் பக்தியையும் பொறுமையையும் பற்றித் தம்பி தனியாக எழுதியிருக்கிறான். பக்தி சரி. பொறுமை என்று எழுதியிருப்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். கையிலிருந்து ஒரு நட்டு நழுவி விழுந்தால் அண்ணன் அதைத் திட்டுகிற திட்டு லயத்தின் கடைசி வீடுவரை கேட்கும்.

அண்ணன் பிறந்தது தேவிகுளத்துக்கு அப்பால், அணைக்கு அக்கரையில் இருந்த எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில். தாத்தா காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தேயிலை வேலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அப்பா காய்ச்சலில் இறந்தபோது அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, கோயம்புத்தூர்ப் பக்கத்துச் சித்தூரில் ஒரு பம்புசெட் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். பட்டறை முதலாளி ஆறுச்சாமி அவர்களிடம் தொழில் கற்றுக்கொண்டு, எஸ்டேட் ஃபேக்டரிக்கே ஃபிட்டராகத் திரும்பி வந்தார். தம்பியைப் படிக்க வைத்தார், என்னைக் கட்டிக்கொடுத்தார். தாம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "இருக்க சொந்தத்துக்கே நேரம் காணல" என்பார்.

எழுபதுகளில் எங்கள் லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டே வழிதான். அணையைச் சுற்றிப் போகும் காட்டுப்பாதையில் மழைக்காலத்தில் ஜீப் ஏறாது. மற்றது துடுப்புப் படகு. எனக்கு முதல் பிரசவ வலி எடுத்த அன்று அணையில் எதிர்க்காற்று. படகோட்டி செல்லையாவோடு அண்ணனும் துடுப்புப் பிடித்தார். உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் வந்தது, விடவில்லை. கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், படகிலேயே பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. அழவில்லை. கொஞ்சம் முன்னதாகக் கொண்டு வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் என்னிடம் சொன்னதை அண்ணன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அதன்பிறகு வெகுநாள் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

நான் மறுபடியும் உண்டானபோது அண்ணன் எஸ்டேட் மேனேஜர் துரையிடம் போய், ஃபேக்டரிக் கொட்டகையில் கிடந்த பழைய படகு மோட்டாரைக் கேட்டார். முன்பு இருந்த துரை ஒருவர் மீன் பிடிக்கப் போவதற்காக வாங்கிய மோட்டார் அது. உள்ளே எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. எடுத்துக்கொள், ஓடினால் எல்லோருக்கும் உதவும் என்று துரை கொடுத்துவிட்டார்.

ஃபேக்டரி வேலை முடிந்து வந்ததும் அண்ணன் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து மோட்டாரைப் பிரிப்பார். மாசமாக இருந்ததால் நான் ஃபேக்டரியில் தேயிலைப் பெட்டி பேக்கிங் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன். பொழுது போகவேண்டுமே என்று பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார ஆரம்பித்தவள், பிறகு எழுந்து போக மனமில்லாமல் உட்கார்ந்தேன். ஒரு பெரிய இரும்புக் குடத்துக்குள் இவ்வளவு சாமான் இருக்கும் என்று யார் கண்டது? மேலே ஒரு சிலிண்டர், கீழே ஒரு சிலிண்டர், இரண்டையும் மூடுகிற ஒரே ஹெட். கோயம்புத்தூரிலிருந்து புது பிஸ்டன் ரிங்குகளை வரவழைத்தார். கிடைக்காத சாமான்களைத் தாமே செய்தார்.

எல்லாவற்றையும் பூட்டி, தண்ணீர் நிறைந்த பீப்பாயில் மோட்டாரை மாட்டிக் கயிற்றை இழுத்தபோது, புகை கக்கிக்கொண்டு ஓடிவிட்டது. லயமே கைதட்டியது. அண்ணன் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு அதை நிறுத்தினார்.

"ஓடுதுல்லா அண்ணாச்சி, பெறவு என்ன?" என்றார் செல்லையா.

"ஒத்தக் கால்ல நொண்டிக்கிட்டு ஓடுது. பீப்பாய்ல ஓடும். ஆள ஏத்திக்கிட்டு எதிர்க்காத்துல போச்சுன்னா நடு அணையில நின்னுரும்."

பிறகு எனக்கும் காட்டினார். பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் கட்டைவிரலை வைத்து அடைக்கச் சொன்னார். கயிற்றை இழுத்தார். மேல் சிலிண்டர் என் விரலை எகிறித் தள்ளியது. கீழ்ச் சிலிண்டரில் வைத்தால் லேசாகப் பெருமூச்சு விட்டது, அவ்வளவுதான். இரண்டிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம், ஒன்றுபோல் இருக்கவேண்டுமாம். எனக்கு அது பிடித்துப்போயிற்று. ஒரே நேரத்தில், ஒரே கையால், ஒரே கடை சாமானால் பூட்டிய இரண்டில் ஒன்று மட்டும் ஏன் சவலையாக இருக்கிறது?

ரிங் சரியில்லையோ என்று அண்ணன் சந்தேகப்பட்டார். மேலே இருந்த ரிங்குகளைக் கீழேயும் கீழே இருந்தவற்றை மேலேயும் மாற்றிப் பூட்டினார். அப்போதும் கீழ்தான் சவலை.

"அப்போ நோவு ரிங்குல இல்லண்ணே. ரிங்குல இருந்தா கூடவே மேல போயிருக்கணும்ல?" என்றேன்.

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏட்டி, ஒனக்கு வயித்துல இருக்கது பிள்ளையா, ஃபிட்டரா?" என்றார். பிள்ளையை இழந்த அந்தப் படகுப் பயணத்துக்குப் பிறகு அவர் என்னை முதன்முதலாகக் கேலி செய்தது அன்றுதான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அடுத்து சிலிண்டர் சுவர் தேய்ந்திருக்குமோ என்று அதைச் சாக்கில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு சித்தூருக்கே பஸ் ஏறிவிட்டார். திரும்பி வந்து, ஆறுச்சாமி அவர்கள் அளந்து பார்த்துச் சொன்னதை அவர் பேச்சிலேயே நடித்துக் காட்டினார்: "ஏங்கண்ணு, செவுரு நல்லாத்தான இருக்குது. பூட்டிப்போட்டு உள்ளார ரெண்டு கரண்டி எண்ணெய ஊத்தி இழுத்துப் பாரு. கம்ப்ரஷன் ஏறுச்சுன்னா ரிங்குப் பக்கம் ஒழுவுது. ஏறலீன்னா நீ வேற ஊட்டுலதான் போயித் தேடோணும்."

பூட்டினோம், எண்ணெய் ஊற்றினோம். நான் விரலை வைத்தேன். அதே பெருமூச்சு.

மழை நெருங்கிக்கொண்டிருந்தது. என் வயிறும் இறங்கிவிட்டது. எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். அண்ணனுக்கு என்னைவிட அதிகப் பயம் என்பது, அவர் கோபப்படாமல் வேலை செய்ததிலிருந்தே தெரிந்தது. நட்டு விழுந்தாலும் திட்டவில்லை, குனிந்து எடுத்துக்கொண்டார்.

வேறு எந்த வீட்டில் தேடுவது? காற்று எங்கேயோ வெளியே போகிறது, போகிற இடம் கண்ணுக்குத் தெரியவில்லை. சைக்கிள் ட்யூபைத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பதுபோல் இதைப் பார்க்க முடியாதா என்று கேட்டேன். முக்க முடியாது, ஆனால் தண்ணீரை அதன்மேல் கொண்டுவரலாம் என்றார் அண்ணன். சோப்பை நன்றாகக் கரைத்து, ஹெட் வந்து உட்காரும் விளிம்பைச் சுற்றிலும் துணியால் தடவினார். பிளக்குகளை மாட்டி என் வீட்டுக்காரரைக் கயிறு இழுக்கச் சொன்னார். நாங்கள் இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்தோம். கீழ்ச் சிலிண்டர் பக்கம், விளிம்பில் ஓரிடத்தில், சின்னச் சின்னதாக நுரை பொரிந்தது.

ஹெட்டைக் கழற்றினார். இடையில் வைக்கிற கேஸ்கட் கடையில் கிடைக்காததால் அண்ணனே வெட்டி வைத்திருந்தார். எதிலிருந்து? தேயிலைப் பெட்டிக்கு உள்ளே விரிக்கிற ஈயத்தாளிலிருந்து. எங்கள் எஸ்டேட்டில் கூரை ஒழுகினாலும் ஈயத்தாள், குடம் ஓட்டையானாலும் ஈயத்தாள், கோயிலில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு நட்சத்திரம் செய்யவும் ஈயத்தாள். அதைச் சந்தேகப்பட எங்கள் யாருக்கும் தோன்றாது. ரிங்கை மாற்றியபோதும் சிலிண்டரைச் சித்தூருக்குத் தூக்கியபோதும், அதே தாளை அதே வாக்கில் வைத்தே திரும்பத் திரும்ப மூடியிருக்கிறார்.

நான் அதை வாங்கி விரலால் தடவினேன். பேக்கிங் ரூமில் எத்தனையோ பெட்டிக்குத் தாள் விரித்த கை. ஒரு பக்கம் தடிப்பு இடறியது.

"அண்ணே, இது பெட்டிச் சுவத்துக்குப் போடுத தாள். இதுல ஒட்டு உண்டும். ஒட்டு மேல் சிலிண்டர் பக்கம் வந்திருக்கு, பாரு."

ஒட்டில் தாள் இரட்டிப்பாகிவிடும். அந்தப் பக்கம் ஹெட் நன்றாக இறுகும். கீழ்ப் பக்கமோ, ஒரு காலுக்கு அடியில் கல் வைத்த பெஞ்சுபோல், மயிரிழை தூக்கிக்கொண்டு நிற்கும். அண்ணன் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு தம் தலையில் தாமே ஓங்கி ஒரு குட்டு வைத்துக்கொண்டார்.

"பெட்டிக்கு அடியில போடுத தாள் ஒரே துண்டு. அதுல ஒட்டு கெடையாது" என்றேன்.

ஃபேக்டரிக்குப் பொறுப்பான டீ மேக்கரிடம் கேட்டு அடித்தாள் ஒன்று வாங்கி வந்து வெட்டினார். பூட்டி முடித்ததும் விரலை வைத்துப் பார்க்கும் உரிமையை எனக்கே கொடுத்தார். மேலேயும் எகிறியது, கீழேயும் எகிறியது.

வலி வந்த அன்று மழையும் வந்தது, அதே எதிர்க்காற்றும் வந்தது. செல்லையா முன்னால் உட்கார, அண்ணன் மோட்டாரைப் பிடித்தார். முதல் பிள்ளை பிறந்த இடம் நெருங்குவது எனக்குத் தெரிந்தது. அண்ணனுக்கும் தெரிந்தது. அவர் அணையைப் பார்க்கவில்லை, மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீழது எப்படிண்ணே இருக்கு?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"மேலதுக்கு எளச்சதில்லட்டி. நீ பேசாம படு."

படகு நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்து நர்ஸ் வெளியே போனபோது, அண்ணன் வராந்தாவில் இல்லை. வெளி கேட்டில், மழையில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாராம். நர்ஸ் கூப்பிட்டதும் ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. "பிள்ள அழுதுச்சா?" என்றாராம். "அழுகையா? ஆஸ்பத்திரியையே ரெண்டாக்குது, வந்து கேளுங்க" என்றிருக்கிறாள் அவள். அண்ணன் உள்ளே வந்தார். பிள்ளை அழுது ஓயும்வரை நின்று கேட்டார்.

அந்த மோட்டார் எங்கள் லயத்துக்கு ரோடு வரும்வரை ஓடியது. எத்தனையோ பெண்களை அக்கரை சேர்த்தது. அண்ணன் தம் கடைசி மாதங்களை என் வீட்டில் கழித்தார். நோவை ஒருநாளும் பெரிதாகச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் கேட்டார். என் முதல் பிள்ளை ஞானஸ்நானம் பெறாமல் இறந்ததால், அக்கால வழக்கப்படி கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே, அப்படிப்பட்ட மற்றப் பிள்ளைகளோடு வைத்திருந்தோம். "என்னை அவன் பக்கத்துல வையிங்க" என்றார். பங்குத்தந்தையிடம் போய்ச் சொன்னேன். அவர் வேலியைப் பிரிக்கச் சொன்னார்.

அண்ணனின் கடைசி நாட்களில் இரவும் பகலும் கூட இருந்து பணிவிடை செய்த என் மகளுக்கும், மருந்து கொடுத்த மருத்துவருக்கும், தூர ஊர்களிலிருந்து வந்து துக்கத்தில் பங்குகொண்ட அனைவருக்கும் எங்கள் நன்றி. வேலியைப் பிரித்து, அந்தப் பிள்ளைகளும் உள்ளே வரும்படி தள்ளிப் போட்டுக் கட்டிய லயத்துத் தம்பிமார்களுக்கு நன்றி. அண்ணனை அடக்கம் செய்த அன்று, அவருக்கு மட்டுமின்றி, அங்கே பெயரில்லாமல் கிடந்த எல்லாப் பிள்ளைகளுக்குமாக அந்த மண்ணை ஜெபம் சொல்லி மந்திரித்துத் தந்த பங்குத்தந்தைக்கும் நன்றி.