பாவா பக்கத்துத் தட்டு

எங்கள் சினிமாக் கொட்டகை ஒரு காலத்தில் நெல் கிடங்காக இருந்தது. கிடங்குக்கு ஜன்னல் எதற்கு? சுவரெல்லாம் முழத் தடிமன். பகல் ஆட்டத்துக்கு இருட்டு இனாமாகக் கிடைத்துவிட்டது என்று முதலாளிக்கு ஏக சந்தோஷம். உள்ளே உட்காருகிறவன் மூச்சு விடுவானா என்ற யோசனை கடைசியில்தான் வந்தது. கூரைமேல் ஒரு விசிறியை வைத்து, அதிலிருந்து ஒரு தகரக் குழாயை இறக்கி, இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு கிளை கொட்டகைக்கு, இன்னொன்று படம் ஓட்டும் அறைக்கு. உள்ளே இருக்கும் புழுக்கத்தையும் புகையையும் விசிறி இழுத்து வெளியே தள்ளும்.

விசிறியோ சோப்ளாங்கி. இரண்டு பக்கமும் சேர்த்து இழுக்க அதற்குத் தெம்பில்லை. அதனால் ஒவ்வொரு கிளையிலும் திருப்பினால் திறக்கிற, மூடுகிற மாதிரி ஒரு தகரத் தட்டு இருந்தது. ஒன்றை மூடினால்தான் மற்றது ஒழுங்காக இழுக்கும். இரண்டு தட்டுக்கும் கயிறு மாடிப்படி முகப்பில், நான் நிற்கிற இடத்தில் தொங்கியது.

படம் ஓட்டியவர் பாவா, என் அக்காவின் புருஷன். ஓடி முடிந்த ரீலைச் சுற்றுவதும் கயிற்றைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை. அந்த எந்திரத்தில் விளக்கு என்பது இரண்டு கார்பன் குச்சிகளின் நுனி எரிவதுதான். யுத்த காலத்தில் நல்ல குச்சி எங்கே கிடைத்தது? வந்ததெல்லாம் புகையைக் கக்கும். பாவாவுக்கு ஏற்கெனவே இழுப்பு. பிலிம் பற்றிக்கொண்டால் கொட்டகையே போய்விடும் என்று, படம் ஓடும்போது அறைக் கதவைத் திறக்கக் கூடாதென்பது முதலாளியின் உத்தரவு. ஆக, பாவாவின் மூச்சு என் கையில் இருந்தது. அது எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியே இல்லை. அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

“டேய், அந்தாளு வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு. நீதான் பாத்துக்கணும். அவரு பக்கத்துத் தட்டை மட்டும் எதுக்கும் மூடாதே, இன்னா?”

“ஆங், பாத்துக்கிறேன்கா.”

“மச்சானை எனக்குக் காவல் போட்டுகினு கீறா பாரு உங்கக்கா” என்று பாவா சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அன்று கிருத்திகை. மலையில் சாமி பார்த்துவிட்டு மொட்டையும் சந்தனமுமாக இறங்கி வந்த கூட்டம் அப்படியே பகல் ஆட்டத்துக்குள் புகுந்துவிட்டது. படமோ முருகன் கதை. திரையில் சாமி வந்தால் எங்கள் ஊரில் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். தட்டில் கற்பூரம் ஏற்றுவார்கள், தேங்காய் உடைப்பார்கள். முதலாளி நெருப்புக்குப் பயந்து எதையும் தடுப்பார், இதைத் தவிர. தணிகை மலை அடிவாரத்தில் முருகனுக்குக் கற்பூரம் காட்டாதே என்று எவன் வாய் திறப்பான்?

பெண்கள் பக்கம் நான் நின்ற படிமுகப்புக்கு நேர் கீழே. அக்காவும் கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்திருந்தாள். வள்ளி கட்டத்திலேயே கற்பூரம் ஆரம்பித்துவிட்டது. அங்கே ஒரு தட்டு, இங்கே ஒரு தட்டு என்று ஏற்றிக்கொண்டே போனார்கள். புகை மேலே போகாமல் அடைந்தது. பிள்ளைகள் வரிசையாக இரும ஆரம்பித்தன. அக்கா எழுந்து நின்று, அண்ணாந்து கத்தினாள்.

“டேய் தம்பி! கொழந்தைங்களுக்கு மூச்சு முட்டுதுடா! இந்தப் பக்கம் நல்லா தொறந்து வுடு!”

இந்தப் பக்கம் திறந்தால் அந்தப் பக்கம் மூடியாக வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவள் தோளில் குழந்தை முகம் சிவந்து கிடந்தது. கொட்டகைத் தட்டை முழுக்கத் திறந்தேன். பாவா பக்கத்துத் தட்டை மூடினேன். கொஞ்சம் புகை வெளியேறட்டும், உடனே மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து மயில்மேல் முருகன் வந்தார். கொட்டகையே எழுந்து “அரோகரா!” என்றது. நானும் கயிற்றை விட்டுவிட்டுக் கையைக் கூப்பினேன். அரோகரா போட்டேன். பாட்டு முழுக்க அப்படியே நின்றேன். அந்த அறை இருக்கிற நினைப்பே எனக்கு இல்லை. என்ன மனுஷன் நான்!

திரை மங்கியது. கீழே விசில் அடித்தார்கள். கார்பன் குச்சி எரிய எரிய அதைக் கையால் தள்ளிக்கொடுக்க வேண்டும். தள்ளுகிற கை நின்றுவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. கதவைத் திறந்தேன். பாவா எந்திரத்தின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். வாய் திறந்திருந்தது. மூச்சும் வரவில்லை, சத்தமும் வரவில்லை. தரதரவென்று வெளியே இழுத்து வந்தேன்.

உயிர் மிஞ்சியது. ஆனால் அதற்கப்புறம் அவரால் அந்தப் படி ஏற முடியவில்லை. அவர் இடத்தை முதலாளி எனக்குக் கொடுத்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கிருத்திகைக்கு மறுநாள் அக்கா பாவாவின் கட்டிலருகே நின்றுகொண்டு கேட்டாள்: “தட்டை எவன் மூடினான்?”

நான் வாய் திறப்பதற்குள் பாவா முந்திக்கொண்டார். “நான்தான் மூடச் சொன்னேன். கற்பூரப் பொகையில படம் மங்கலா தெரிஞ்சிது. மச்சான் இன்னா பண்ணுவான், பாவம்.”

படம் விழுகிற துவாரத்துக்குப் பக்கத்தில் நின்றவருக்கு அக்காவின் குரல் கேட்காமலா இருந்திருக்கும்? சும்மா இரு என்று என்னைக் கண்ணால் அடக்கினார். தான் கத்தியதால்தான் அந்தத் தட்டு மூடியது என்று தெரிந்தால் அவள் சோறு தண்ணி இறங்காமல் கிடப்பாள். அது எனக்கும் புரிந்தது. வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அவளுக்காக மட்டும் மூடிக்கொண்டேன் என்றால் அது பாதிப் பொய். நான் கைகூப்பி நின்றதும் அதோடு சேர்ந்து மறைந்துகொண்டதே!

அன்றிலிருந்து அக்கா அவரைத் திட்டாத நாளில்லை. நெஞ்சில் சூடாக எண்ணெய் தேய்த்துக்கொண்டே திட்டுவாள். “ஏன்யா, படம் முக்கியமா, பொண்டாட்டி புள்ள முக்கியமா?”

“படம்தான்” என்பார். இருமுவார். பக்கத்தில் உட்கார்ந்து அவள் போட்ட சோற்றை நான் தின்றுகொண்டிருப்பேன்.

அடுத்த மழைக்காலம் அவர் தாங்கவில்லை. கூடத்தில் கிடத்தியிருந்தது. அக்கா அவர் மார்பில் அடித்து அடித்துக் கேட்டாள். “எவனக் கேட்டு மூடச் சொன்னே? எவனக் கேட்டு?” சுற்றி நின்ற பெண்களால் அவளைப் பிடிக்க முடியவில்லை. நடந்ததைச் சொல்லப் போனேன். அழுகைதான் வந்தது. சிறுபிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதேன்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். எழுந்து என்னிடம் வந்தாள்.

“அழாதடா. பெரியவரு சொன்னாரு, நீ செஞ்சே. உம்மேல இன்னாடா தப்பு கீது?” என்று முந்தானையால் என் கண்ணைத் துடைத்தாள்.

அவளுக்கு எட்டட்டும் என்று நான் குனிந்து கொடுத்தேன்.