யூலாலி ஆடிய சனிக்கிழமை

யூலாலிக்கு அரசியல் என்றாலே ஆகாது. எங்கள் தீவின் கொலெட் ஊரில் பஸ் நிற்கும் இடத்தில் காலையில் பொரித்த மீனும் சுட்ட ரொட்டியும் விற்பாள். சிவப்புக் கட்சிக்காரன் வந்தாலும் மஞ்சள் கட்சிக்காரன் வந்தாலும் ஒரே விலை, ஒரே காரச் சாறு. யாராவது அங்கே நின்று கட்சி பேச ஆரம்பித்தால், "கட்சிய ரோட்டுல வெச்சிட்டு வந்து மீனைத் தின்னு" என்று வாயை அடைத்துவிடுவாள்.

அவள் புருஷன் கத்பர்ட் நேர் எதிர். மனுஷருக்கு மஞ்சள் கட்சி என்றால் உயிர். வீட்டுச் சுவர் மஞ்சள், ஜன்னல் மஞ்சள், ஆட்டைக் கட்டும் கயிறுகூட மஞ்சள். ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குச் சாவடியில் கட்சியின் ஆளாக இஸ்திரி போட்ட சட்டையோடு போய் உட்காருவார். கட்சி ஜெயித்தபோதும் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, தோற்றபோதும் ஒன்றும் போகவில்லை. இந்த ஆளைக் கட்டிக்கொண்டு மாரடிப்பதாக யூலாலி என்னிடம் புலம்பாத வாரம் கிடையாது. நான் பக்கத்து வீட்டுக்காரி, பெயர் மெர்ல். நான் இந்த முறை சிவப்புக்குத்தான் ஓட்டுப் போட்டேன், அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்.

தேர்தலுக்கு முந்தின நாள் கத்பர்ட் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது யூலாலியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "என் மேல கட்சிக் கொடியப் போர்த்தி அனுப்பு." பிள்ளை குட்டி இல்லாத வீடு. கேட்பதற்கு அவருக்கும் வேறு ஆளில்லை, செய்வதற்கும் அவளை விட்டால் ஆளில்லை.

மறுநாள் தேர்தல் முடிந்து ராத்திரியே ஓட்டு எண்ணினார்கள். தீவில் இருக்கும் பதினைந்து தொகுதியும் சிவப்பு. மஞ்சளுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. சட்டசபையில் எதிர்ப்பக்கம் உட்கார ஓர் ஆள் கிடையாது. சிவப்பு ஜெயிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், இப்படித் துடைத்து எடுத்துவிடும் என்று ஜெயித்தவர்களே நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் ஊரைப் பார்த்திருக்க வேண்டும். நேற்று வரை மஞ்சள் சட்டை போட்டவனெல்லாம் அதைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினான். கடையில் சிவப்புப் பெயிண்ட் தீர்ந்துபோனது. புது அரசாங்கம் வந்தால் ரோட்டோரம் புதர் வெட்டும் வேலை யாருக்கு, கூரைத் தகடு யாருக்கு என்பதெல்லாம் புதிதாக முடிவாகும். எவன் எந்தப் பக்கம் நின்றான் என்று இங்கே யாரும் விசாரிக்கத் தேவையில்லை, அவனவன் முகம் எல்லாருக்கும் தெரியும்.

அடக்கம் சனிக்கிழமை என்று முடிவானது. எங்கள் சர்ச்சும் கல்லறையும் மேட்டின் மேல் இருக்கின்றன. சாலையிலிருந்து பிரிந்து ஏறுகிற மண்பாதையில் வண்டி போகாது, பெட்டியைத் தோளில்தான் கொண்டுபோக வேண்டும். அதற்கு ஆறு ஆம்பிளைகள் வேண்டும். வெள்ளிக்கிழமை சாயந்திரம் லென்னார்ட் யூலாலி வீட்டுக்கு வந்தான். கத்பர்ட்டோடு ஒரே படகில் மீன் பிடித்தவன். உட்காராமல் வாசலிலேயே நின்றான்.

"அக்கா, அந்தத் துணிய மட்டும் எடுத்துடு. நாங்க ஆறு பேரும் வந்து தூக்கறோம்."

"எடுக்க மாட்டேன்."

"செத்தவருக்கு என்னக்கா தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமேடா."

"நம்ம தொகுதியில ஜெயிச்ச புது மெம்பரு ஊர்வலம் நாளைக்கு இந்த ரோட்டுலதான் வருது. மஞ்சத் துணிக்கு அடியில என் தோள் இருக்கறத அவங்க பாத்தா என் புள்ளைங்க என்னத்தத் தின்னும், சொல்லு?"

"உன் வீடு புயல்ல போனப்போ, கூரை மரமெல்லாம் யாரு தோள்ல வந்துச்சு லென்னார்ட்?"

அவன் தரையைப் பார்த்தான். பிறகு "சரிக்கா, வர்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் நம்பினாள். நான் நம்பவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் சவ வண்டி வந்தது. டிரைவருக்கு டவுனில் இன்னோர் அடக்கம் இருந்தது, ஊர்வலம் சாலையை அடைப்பதற்குள் திரும்ப வேண்டும் என்று பறந்தான். மண்பாதை தொடங்கும் இடத்தில் இரண்டு நாற்காலியைப் போட்டுப் பெட்டியை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டான். யூலாலி கொடியை விரித்துப் போர்த்தினாள். கறுப்பு உடையில் அவள், பக்கத்தில் நான், நடுவில் கத்பர்ட். வேறு ஈ காக்கை இல்லை.

நான் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினேன். ஒருத்தனுக்கு இடுப்புப் பிடிப்பு. இன்னொருத்தனுக்குக் கால் வீக்கம். ஊரே ஒரே நாளில் நோயில் படுத்துவிட்டது. பாதி வீடுகள் பூட்டியிருந்தன, ஊர்வலம் போய் முடியும் துறைமுகப் பாலத்தில் சுட்ட பன்றியும் ரம்மும் காத்திருக்கின்றன என்று முன்கூட்டியே கிளம்பிவிட்டார்கள். ரம் கடையின் பாதி சாத்திய பலகைக்குப் பின்னால் லென்னார்ட் நிற்பதை என் கண்ணால் பார்த்தேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். பலகையை முழுசாகச் சாத்திக்கொண்டான்.

"வரல இல்ல?" என்றாள் யூலாலி.

"வருவாங்க" என்றேன், பொய்யென்று தெரிந்தே.

வெயில் பெட்டி மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது. இனியும் வைத்திருக்க முடியாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவள் ஒரு பக்கப் பிடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். நானும் பிடித்தேன். கத்பர்ட் ஆஜானுபாகு, பெட்டி அசையவே இல்லை. அவள் பெட்டியின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "என்னய்யா பண்ணுவேன்" என்று அவரிடமே கேட்டாள்.

அப்போதுதான் ஊர்வலம் வந்தது. முன்னால் ஒரு லாரி, அதன் மேல் ஆளுயர ஸ்பீக்கர்கள், சாலை அடைத்துச் சிவப்புச் சட்டைகள். எல்லாம் டவுன் பக்கத்து ஆட்கள், எங்களுக்கு முகம் தெரியாதவர்கள். மெம்பரின் கார் எங்கோ பின்னால். ஜெயித்தவர்கள் தோற்ற கட்சிக்கு வெறும் சவப்பெட்டி செய்து, அதைத் தூக்கிக்கொண்டு ஆடி, பொய் அழுகை அழுது, கடைசியில் கொளுத்திக் கடலில் தள்ளுவது எங்கள் பக்கத்து வழக்கம். வழியில் ஊருக்கு ஊர் அப்படி ஒன்று செய்து வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. மஞ்சள் துணி போர்த்திய பெட்டியை ரோட்டோரத்தில் பார்த்ததும் கூட்டம் ஹோவென்று கத்தியது.

"பாருங்கடா, கொலெட்காரங்க ஷோக்கா செஞ்சு வெச்சிருக்காங்க" என்று ஜடாமுடிக்காரன் ஒருத்தன் ஓடி வந்தான். "மரம் கூட நல்ல மரம்டா."

நான் வாயைத் திறந்தேன். யூலாலி என் மணிக்கட்டைப் பிடித்தாள். எலும்பு நொறுங்குகிற பிடி. "பேசாத" என்றாள், உதடு அசையாமல்.

ஆறு பேர் தூக்கினார்கள். ஆறு பேரும் திணறினார்கள்.

"உள்ள கல்லைப் போட்டிருக்காங்கடா."

"கல்லு இல்லடா, அவங்க சொன்ன பொய்யி. அதான் இந்தக் கனம்."

எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தி பெட்டி மேல் விழுந்து, "ஐயோ மஞ்சக் கட்சியே, என்ன விட்டுப் போயிட்டியே, இனி யாரு எனக்கு ஆசை காட்டுவா" என்று மாரில் அடித்துக்கொண்டாள். ரம்மைக் கொடியின் மேல் தெளித்தார்கள். உண்மையான பெண்டாட்டி ஒரு சொட்டுக் கண்ணீர் விட முடியாமல் நின்றாள்.

பெட்டியோடு அவர்கள் சாலையிலேயே நடக்க ஆரம்பித்தார்கள். சாலை நேராகத் துறைமுகப் பாலத்துக்குப் போகிறது. அங்கே நெருப்பு தயாராக இருக்கும். இப்போது உண்மையைச் சொன்னால் நடு ரோட்டில் போட்டுவிட்டு ஓடுவார்கள், சொல்லாவிட்டால் கொளுத்துவார்கள்.

யூலாலி என் கையை விட்டாள். ஓடிப்போய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றாள். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆட ஆரம்பித்தாள்.

அவள் ஆடி நான் பார்த்ததே இல்லை, கல்யாணத்தில்கூட. இடுப்பை ஒடித்து, கையைத் தலைக்கு மேல் வீசி, சிவப்புக் கட்சியின் வெற்றிப் பாட்டுக்கு ஆடினாள். கூட்டம் கைதட்டியது. "இந்த ஆன்ட்டியப் பாருங்கடா, துக்க வேஷம் வேற போட்டிருக்கு" என்றான் ஒருத்தன்.

"எரிச்சா என்னடா ருசி?" என்று கத்தினாள் அவள். "மேல சர்ச்சுக்குப் பக்கத்துல குழியே வெட்டி வெச்சிருக்கோம். எந்திரிச்சு வராத மாதிரி புதைக்கலாம், வாங்க."

"குழியா? உங்க ஊருக்கு மூளை அதிகம் ஆன்ட்டி" என்றான் ஜடாமுடிக்காரன். பெட்டி திரும்பியது.

லாரி ஏற முடியாமல் கீழேயே நின்றுவிட்டது. பாட்டுக் கேட்கும் தூரம் வரை கூட்டம் வந்தது, பிறகு ரம்மை நினைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. தூக்கியவர்கள் மட்டும் விடவில்லை, இடையிடையே பெட்டியைத் தொட்டில் போல ஆட்டினார்கள். உள்ளே கத்பர்ட் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மோதும் சத்தம் எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும். அவர்கள் கால் தளரும்போதெல்லாம் திரும்பி நின்று, பின்பக்கமாக ஏறிக்கொண்டே ஆடிக் காட்டினாள். பாட்டு காதில் விழாத இடத்துக்கு வந்ததும் அவளே வாயால் பாடினாள். நான் முகத்தைப் பொத்திக்கொண்டு பின்னால் நடந்தேன்.

மேலே கிழட்டுப் பாஸ்டர் ஹிப்பொலைட் ஊன்றுகோலோடு குழியருகே நின்றிருந்தார். குழி வெட்டியவன் கயிறுகளைத் தரையில் போட்டு வைத்திருந்தான். வேதப் புத்தகத்தைப் பார்த்ததும் ஆறு பேரின் சிரிப்பும் மெல்ல நின்றது.

யூலாலி பாவாடையை இறக்கிவிட்டாள். மூச்சு இரைத்தது.

"மெதுவா இறக்குங்கப்பா" என்றாள். "உள்ள என் வீட்டுக்காரரு. பேரு கத்பர்ட்."

ஒருத்தன் சட்டென்று தோளை விலக்கினான். பெட்டி ஒரு பக்கம் சாய, மற்றவர்கள் இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். விட்டுவிட்டு ஓடவும் முடியாது, குழி காலடியில் இருந்தது. கயிற்றின் மேல் இறக்கி, கயிற்றைப் பிடித்து உள்ளே விட்டார்கள். கொடி நனைந்து மரத்தோடு ஒட்டியிருந்தது. பாஸ்டர் படித்தார். சிவப்புச் சட்டையோடு ஆறு பேரும் தலை குனிந்து கேட்டார்கள்.

மண் தள்ளி முடித்ததும் ஜடாமுடிக்காரன் அவள் முன்னால் வந்து நின்றான். அழுதிருந்தான்.

"தெரியாமப் போச்சும்மா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா தூக்கியிருப்பியா, தம்பி?"

அவர்கள் இறங்கிப் போனார்கள், பாஸ்டரும் சர்ச்சுக்குள் போனார். நாங்கள் இரண்டு பேரும் மண்மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்தோம். கீழே பாலத்திலிருந்து ஸ்பீக்கர் சத்தம் ஏறி வந்தது.

"மெர்ல்" என்றாள். "நான் நல்லா ஆடினேனா?"

"ஆடினடி" என்றேன்.

"சரி" என்றாள். "கொஞ்சம் சுமாரா ஆடியிருந்தாலும் கொளுத்தியிருப்பாங்க."