ஜெபத்தில் ஒரு திருத்தம்

டொரன்டோவில் என் வேலை, மற்றவர்களுக்காக "நான்" என்று சொல்வது. அகதி விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் "தான் பயந்ததாக அவர் சொல்கிறார்" என்று சொல்லக்கூடாது. "நான் பயந்தேன்" என்றுதான் சொல்லவேண்டும். காலையில் யாரோ ஒருவருக்காக "என்னைக் கட்டி வைத்தார்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, மத்தியானம் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் முட்டை சாண்ட்விச் சாப்பிடுவேன். வந்த புதிதில் இது விசித்திரமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பழகாதது ஒன்று உண்டு. வழக்கறிஞர் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்காமல் விடும்போது, அது எனக்குத் தெரிந்திருந்தும் நான் வாயை மூடிக்கொண்டிருக்கவேண்டும். யாழ்ப்பாணத்துக் குருநகர்ப் பக்கத்து மீனவர் ஒருவர் ஒருநாள், "கடலிலை எனக்குப் பயமில்லை. கரைக்கு வந்தாப் பிறகுதான் பயம்" என்றார். அவரைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு அனுமதியில்லை. நான் அதைப் பிசகாமல் மொழிபெயர்த்தேன். கரையில் யார் நின்றார்கள் என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றாமலே என் கணவர் நந்தனிடம் சொன்னேன், "நான் சட்டம் படிக்கப் போறன்." அவர் மகளின் தலைமுடியைப் பின்னிக்கொண்டிருந்தார். "இப்பவோ?" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த "இப்பவோ" என் தலைக்குள்ளேயே தங்கிவிட்டது. நாற்பதை நெருங்கும் ஒருத்தி, வீட்டுக் கடன், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, இப்பவோ?

ஊரில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். கனடாவில், ஊரில்போலப் பள்ளி இறுதி ஏ.எல். பரீட்சை முடித்தவுடன் சட்டபீடத்துக்குப் போகமுடியாது. முதலில் ஒரு பட்டம் வேண்டும். பிறகு ஒரு நுழைவுத் தேர்வு. அந்தத் தேர்வில் சட்டம் ஒரு வரிகூட இல்லை. நாலு வசனத்தில் ஒரு வாதம் தருவார்கள், அதில் ஓட்டை எங்கே என்று மின்னல் வேகத்தில் கண்டுபிடிக்கவேண்டும். நானோ ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்துப் பழகியவள். பாதி வழியிலேயே நேரம் முடிந்துவிட்டது. புள்ளிகள் கெட்டதுமில்லை, நல்லதுமில்லை. அதைக் கொண்டுபோய் டொரன்டோவின் இரண்டு பெரிய சட்டபீடங்களுக்கு மட்டும் விண்ணப்பித்தேன். வீட்டிலிருந்து ரயிலில் போய்வரலாம். அதைவிட, ஊரில் சொன்னால் தெரியக்கூடிய பெயர்கள் அவைதான். இரண்டிலிருந்தும் மின்னஞ்சல் வந்தது. இந்த நாட்டில் இல்லை என்பதற்கு முன் நன்றி சொல்வார்கள். நன்றி என்ற சொல்லைக் கண்டதுமே எனக்கு விளங்கிவிட்டது.

தேர்வை மறுபடி எழுதுவதற்கு முன் ஓர் ஆலோசகரைப் பார்க்கும்படி கூட வேலைசெய்பவர் ஒருவர் சொன்னார். ஆலோசகரின் பெயர் டயான், வெள்ளைக்காரப் பெண்மணி, மிகவும் அன்பானவர். என் பழைய புள்ளிகளைப் பார்த்துவிட்டு, எட்டாதவற்றை ரீச் என்றார், எட்டக்கூடியவற்றை டார்கெட் என்றார், பிறகு "உங்களுக்கு முக்கியமாக இரண்டு சேஃப்டி ஸ்கூல் வேண்டும்" என்றார்.

"ஏன், மற்றப் பள்ளிகளில் என்ன ஆபத்து?" என்று கேட்டேன்.

அவர் நான் பகிடி விடுவதாக நினைத்துச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். உங்களுடைய புள்ளிகளுக்கு அநேகமாக இடம் தரக்கூடிய கல்லூரி என்று அர்த்தம், அவ்வளவுதான் என்றார். நான் தலையாட்டினேன். ஆனால் எனக்குள் இருந்த பாதுகாப்பான பள்ளிக்கூடம் வேறு. சிறுவயதில் வட்டுக்கோட்டையிலிருந்து இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனபோது, ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறையில் படுத்திருந்தோம். வாங்குகளை ஓரத்தில் அடுக்கிவிட்டு, கரும்பலகைக்குக் கீழே பாய் விரித்திருந்தார் அம்மா. "பள்ளிக்கூடத்துக்கு மேலை குண்டு போடமாட்டாங்கள், படு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதைச் சொல்லிவிட்டு அவர் படுக்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். இதையெல்லாம் டயானிடம் சொல்ல முடியுமா? அவர் மேசையில் ஒரு சிறிய கற்றாழை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டயான் கெட்டிக்காரி. என் பட்டப்படிப்பின் முதல் வருடங்களில் நான் அதிகாலையில் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலைசெய்துவிட்டு வகுப்புக்குப் போனேன். அந்தப் புள்ளிகள் மோசம். கடைசி இரண்டு வருடங்கள் நன்று. கடைசி வருடங்களை மட்டும் பார்க்கும் சட்டபீடங்கள் சில இருக்கின்றன, வாழ்க்கை அனுபவத்தை மதிக்கும் சட்டபீடங்களும் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒன்று வடக்கே பெரிய ஏரிக்கரையில், இரண்டு மேற்கே சமவெளியில், ஒன்று கிழக்குக் கடற்கரையில். ஒன்றுகூட டொரன்டோவில் இல்லை. இடம் கிடைக்காவிட்டால் அவமானம். கிடைத்தால் பிள்ளையை விட்டுப் போகவேண்டும். வீடு திரும்பும் வழியில் எதற்கு அதிகமாகப் பயப்படுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

இந்த நிலையில்தான் அம்மாவுக்குக் கண் சத்திரசிகிச்சை என்று ஊருக்குப் போனேன். வட்டுக்கோட்டை வீட்டில் சாப்பாட்டு மேசைதான் என் படிப்பறை. மடிக்கணினியில் பயிற்சித் தேர்வைத் தொடங்குவேன். நேரம் ஓடத் தொடங்கியதும் கோயில் ஒலிபெருக்கியும் தொடங்கும். முற்றத்துக் கொட்டிலில் என் தமையன் ஜெயம் அண்ணை தோட்டக்காரர்களின் தண்ணீர் இறைக்கும் மோட்டர்களைத் திருத்துவார். ஒன்று சரியாகி இரைய, மற்றது இருமும். டொரன்டோ நூலகத்தின் அமைதியில் எடுத்ததைவிட இங்கே புள்ளிகள் குறைந்துகொண்டே போயின. அண்ணையைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏனென்றால் சட்டம் படிக்க ஆசைப்பட்டவர் அண்ணைதான். ஏ.எல். பெறுபேறு வந்து, எந்தெந்தப் பாடநெறி வேண்டும் என்று வரிசைப்படுத்தி அனுப்பவேண்டிய நேரத்தில், சட்டம் என்று மட்டும் எழுதினார். கலைப்பீடத்தையும் போடு என்று ஆசிரியர்கள் கெஞ்சினார்கள். "லோயர் இல்லாட்டி ஒண்டும் வேண்டாம்" என்றார். சட்டத்துக்கு மயிரிழையில் தவறியது. கலைப்பீடம் கட்டாயம் கிடைத்திருக்கும். அந்த வருடமே அப்பா இறந்துபோனார். இரண்டாம் தரம் பரீட்சை எழுத அண்ணைக்கு நேரம் வரவில்லை. இந்தக் கதையை எங்கள் வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை.

நான் போன முதல் ஞாயிறு அம்மாவோடு தேவாலயத்துக்குப் போனேன். மிஷன் காலத்துக் கட்டடம், தடித்த சுவர்கள், உள்ளே எப்போதும் ஒரு குளிர்மை. விண்ணப்ப ஜெபத்தில் போதகர், நோயாளிகளுக்காகவும் மழைக்காகவும் மன்றாடிவிட்டு, "கனடாவிலிருந்து வந்திருக்கும் எங்கள் சகோதரி சுகந்திக்கு" என்று தொடங்கி, டொரன்டோவின் அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தின் பெயரை முழுமையாகச் சொல்லி, அதில் இடம் கிடைக்கவேண்டும் என்று ஜெபித்தார். எல்லோரும் "ஆமென்" என்றார்கள். குனிந்த தலையோடு நான் முதல்நாள் எடுத்த பயிற்சிப் புள்ளியை நினைத்தேன். 

"அம்மா, ஏன் பேர் சொல்லிக் கேக்கச் சொன்னனீங்கள்?" என்றேன், வெளியே வந்ததும்.

"பேர் சொல்லாமல் கேட்டா ஆண்டவர் எதை எண்டு குடுக்கிறது?" என்றார் அம்மா. அவருக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. அந்தக் கிழமை முழுவதும் சந்தையிலும் பஸ்ஸிலும் ஆட்கள் என்னை மறித்து, "கம்பஸ் கிடைச்சிட்டுதோ?" என்று பல்கலைக்கழக இடத்தைப் பற்றிக் கேட்டார்கள். சிலர் ஏற்கெனவே லோயர் என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

அம்மாவின் கண்ணைத் திரும்பக் காட்டுவதற்கு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு அண்ணையும் வந்தார். அம்மாவை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். நாங்கள் இருவரும் வெளி விறாந்தை வாங்கில் இருந்தோம். நான் கைத்தொலைபேசியை நோண்டிக்கொண்டிருந்தேன்.

"உதிலை என்ன பாக்கிறாய்?"

"விண்ணப்பிக்கப்போற கம்பஸுகள், அண்ணை."

வாங்கிப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, உதடு அசைய ஒவ்வொரு பெயராக வாசித்தார். "அம்மா சொன்னது முதலாவதாக் கிடக்கு. மற்றதுகள் எங்கை இருக்கு?"

சொன்னேன். இரண்டாவதைத் தவிர மற்றதற்கெல்லாம் விமானத்தில் போகவேண்டும் என்றேன்.

"குளிரோ?"

"டொரன்டோவைவிடக் குளிர்."

"அப்ப அனித்தா?"

"தகப்பனோடை நிப்பாள்." என் மகளுடைய பெயரை அவர் சொன்னதும் நான் கைப்பையைத் திறந்து மூடினேன்.

அண்ணை பட்டியலை மறுபடி மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு, "கடைசியா இருக்கிறதிலை படிச்சாலும் லோயர் ஆகலாமோ? இல்லாட்டி அது வேறை மாதிரிப் படிப்போ?" என்று கேட்டார்.

"அதே படிப்புத்தான் அண்ணை. அதே லோயர்தான்."

"அப்ப ஏன் உன்ரை முகம் உப்பிடிக் கிடக்கு?"

"உந்தப் பேருகளை இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாது. அங்கை போறன் எண்டு சொன்னா, அதுதான் கிடைச்சதோ எண்டு கேப்பினம். அம்மாவுக்கு என்னெண்டு சொல்லுறது?"

அவர் தொலைபேசியை என் மடியில் வைத்தார். "எல்லாத்தையும் போடு பிள்ளை. ஒண்டையும் விடாதை." அவ்வளவுதான் சொன்னார். அப்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. விறாந்தை முடிவில் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகும் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கறுப்புக் கண்ணாடியோடு வெளியே வந்தார். நாங்கள் எழுந்துவிட்டோம்.

அடுத்த ஞாயிறு அண்ணை சவரம் செய்து, நீளக் காற்சட்டை போட்டு எங்களுக்கு முன்பே தேவாலயத்துக்கு வந்து இருந்தார். நத்தாருக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் வருபவர். ஜெபத்துக்கு முன், வேறு விண்ணப்பங்கள் உண்டா என்று போதகர் கேட்டபோது அண்ணை எழும்பினார்.

"ஐயா, போன கிழமை ஜெபத்திலை ஒரு திருத்தம்."

தேவாலயம் திரும்பிப் பார்த்தது.  அம்மா என் சேலைத் தலைப்பைப் பிடித்தார்.

"தங்கச்சி ஒரு கம்பஸுக்கு இல்லை, ஆறு கம்பஸுக்குப் போடுறா. போனமுறை சொன்னது கிடைக்கிறது கஷ்டம். மற்றதுகளுக்கும் சேர்த்துக் கேளுங்கோ. எது கிடைச்சாலும் அவ லோயர்தான்."

போதகர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். "பேருகளைச் சொல்லுங்கோ தம்பி."

அண்ணையின் கையில் கடதாசி எதுவும் இல்லை. ஆறு பெயர்களையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். அரைவாசி உச்சரிப்புப் பிழை. வடக்கு ஏரிக்கரை நகரத்தின் பெயர் வந்தபோது, பெண்கள் பக்கத்திலிருந்து அயல்வீட்டு ராணி அன்ரி, "அட, என்ரை மருமோன் அங்கைதானே லொறி ஓட்டிக்கொண்டு போறவர்! நல்ல இடமாம்!" என்றார். யாரோ சிரித்தார்கள். போதகரும் சிரித்துவிட்டு, ஆறு பெயர்களையும் அண்ணை சொன்ன அதே பிழைகளோடு ஜெபத்தில் சொன்னார். அந்த "ஆமென்" போனமுறையைவிடச் சத்தமாக இருந்தது.  வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அம்மா, "ஆறையும் பாடமாக்கி வைச்சிருக்கிறான்" என்றார். பிறகு உள்ளே போய் அண்ணைக்குத் தேத்தண்ணீர் போட்டார்.

இலையுதிர்காலத்தில் தேர்வை மறுபடி எழுதினேன். அற்புதம் எதுவும் நடக்கவில்லை. புள்ளிகள் கொஞ்சம் ஏறின. தேர்வுக்கு முன்பும் பின்பும் தூக்கமில்லை. பெரியவை இரண்டும் மறுபடி நன்றி சொல்லின. ஒன்று காத்திருக்கச் சொன்னது. வசந்தத்தில், விசாரணை அறைக்கு வெளியே நிற்கும்போது, வடக்கு ஏரிக்கரையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அதில் நன்றி இரண்டாவது பந்தியில்தான் இருந்தது. முதலில் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். மோட்டர் இரைச்சலை நிறுத்திவிட்டு வந்தார்.

"கடைசியா இருந்ததோ?"

"இல்லை அண்ணை, கடைசிக்கு முதல்."

அவர் பெரிதாகச் சிரித்தார். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "வை பிள்ளை, ஆள் வந்திட்டுது" என்று வைத்துவிட்டார்.

இப்போது அந்த நகரத்தில்தான் இருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே ஏரி, கடல்போலக் கிடக்கிறது. ஆனால் உப்பு மணம் இல்லை. வகுப்பில் என்னைவிட மூத்தவர் பேராசிரியர் மட்டும்தான். வாசித்து முடியாத பக்கங்கள் ஒவ்வொரு நாளும் மிஞ்சுகின்றன. அனித்தாவுக்குக் காய்ச்சல் என்றால், மருந்தின் பெயரை நந்தன் தொலைபேசியில் எனக்கு வாசித்துக் காட்டுவார். சரி என்று சொல்வதைத் தவிர இங்கிருந்து நான் செய்யக்கூடியது எதுவுமில்லை. பிழையான முடிவோ என்று ஒருநாளாவது நினைக்காமல் ஒரு கிழமை போனதில்லை.

மாதத்துக்கு ஒருமுறை டொரன்டோவுக்குப் போவேன். போன வெள்ளிக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு அறையைப் பூட்டும்போது, என்னையறியாமல், வீட்டில் நிற்பவர்களுக்கு விடைசொல்வதுபோல, "போட்டு வாறன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். கீழ்த்தளத்தில் இருக்கும் வீட்டுக்காரக் கிழவர் சத்தம் கேட்டுப் படிக்கட்டுக்கு வந்தார். உள்ளே யாராவது இருக்கிறார்களா, வாடகை ஒருவருக்குத்தானே பேசினோம் என்று கேட்டார். ஒருவருமில்லை என்றேன். அவர் நம்பவில்லை. கதவைத் திறந்து காட்டினேன். கட்டில், மேசை, புத்தகங்கள், காய்ந்துகொண்டிருந்த ஒரு கோப்பை. கிழவர் எட்டிப் பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறங்கிப் போனார். நான் மறுபடி பூட்டினேன். இந்தமுறை வாய்க்குள் சொன்னேன்.