வலப்பக்கம் ஏறிய வெளிச்சம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். மூக்கு நுனியில் இருந்திருந்தால் துடைத்துப் போட்டிருப்பேன். எனக்கு அது கையில் இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் பார்க்கிங் தகராறு ஒன்றில் ஒருவனுடைய கார்க் கண்ணாடியை முழங்கையால் உடைத்தேன். பெட்டாலிங் ஜெயாவில் கார் வரிசையில் குறுக்கே புகுந்தவனைச் சட்டையைப் பிடித்து ஜன்னல் வழியாகவே பாதி வெளியே இழுத்தேன். இதையெல்லாம் வீரம் என்று நினைத்து நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு வேறு திரிந்தேன்.

அந்தச் சட்டைச் சண்டையின்போது என் மகள் காரில் இருந்தாள். பத்தொன்பது வயது, பிரிக்பீல்ட்ஸில் கல்லூரி. எனக்கு சாலாக் செலாத்தானில் வேலை. தினமும் காலை கிள்ளானிலிருந்து இருவரும் ஒன்றாகத்தான் புறப்படுவோம். அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் தலையில் கை வைத்து, இனிமேல் ரோட்டில் யாரையும் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். மனைவி அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். மகள் சிரிக்கவில்லை. வீட்டில் என்னை நம்புவதற்கு அவள் ஒருத்திதான் பாக்கி. அதையும் தொலைத்துவிடுவேனோ என்று எனக்கு உள்ளூரப் பயம் இருந்தது.

என் கார் பழசு. முன்விளக்குகள் மஞ்சளடித்துப் போயிருந்தன. ஆறு மணிக்குக் கிளம்பினால் ஏழு வரை இருட்டுதான். மழையும் சேர்ந்தால் ரோட்டில் போட்ட கோடு தெரியாது. ஆன்லைனில் தேடி எல்.இ.டி. விளக்கு ஒரு ஜோடி வாங்கினேன். ஒரிஜினல் விலையில் பாதிகூட இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே மாட்ட உட்கார்ந்தேன்.

முன்பம்பரைக் கழற்றாமல் விளக்கை எடுக்க முடியாது. அடியில் இருந்த பிளாஸ்டிக் கிளிப்புகள் வர மறுத்தன. இரண்டைப் பக்குவமாக எடுத்தேன். மூன்றாவதில் விரல் தோல் உரிந்தது. நான்காவதிலிருந்து எல்லாவற்றையும் காலால் உதைத்தே கழற்றினேன். புது விளக்கின் காது பழைய ஓட்டையில் உட்காரவில்லை. சுத்தியலை எடுத்துத் தகரத்தை அடித்து வளைத்தேன். பக்கத்து வீட்டு சீன ஆன்டி எட்டிப் பார்த்துவிட்டு, வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பேரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பொழுது சாய்ந்ததும் கடை வரிசையின் பின்சுவருக்கு நேரே காரை நிறுத்தி அலைன்மெண்ட் பார்த்தோம். விளக்கின் உயரத்தை அளந்து சுவரில் மாஸ்கிங் டேப் ஒட்டினாள் மகள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்த டேப்புக்குச் சற்றுக் கீழே விழ வேண்டும். விளக்கின் முதுகில் இருக்கும் ஸ்க்ரூவைத் திருப்பித் திருப்பி இறக்கினேன்.

"பா, அந்தக் கோடு வலது பக்கம் ஏறுதே? பழைய லைட்டுல இடது பக்கம்தானே ஏறும்?" என்றாள்.

அவள் சொன்னது சரி. நம் ஊரில் வண்டி இடப்பக்கம் ஓடுகிறது. அதனால் விளக்கு இடது ஓரத்தில் கொஞ்சம் உயர்ந்து அடிக்கும். வலப்பக்கம், எதிரே வருகிறவன் கண்ணில் படாமல், தாழ்ந்து அடிக்கும். நான் வாங்கியதோ வலப்பக்கம் ஓட்டுகிற நாடுகளுக்குச் செய்த விளக்கு. ஆயுசு முழுக்க ஸ்க்ரூ திருகினாலும் அது எதிராளி கண்ணைத்தான் குத்தும். இது பிறகு எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

"நீ என்ன மெக்கானிக்கா?" என்று கத்தி ஸ்க்ரூடிரைவரை வீசினேன். அது அவள் காதோரமாகப் போய்ச் சுவரில் அடித்துத் தெறித்தது. அவள் குனிந்து அதை எடுத்து வந்து, பிடி என் பக்கம் இருக்கும்படி நீட்டினாள். வாங்கிக்கொண்டு மறுபடி திருப்ப ஆரம்பித்தேன்.

அடுத்த ஒரு வாரம் எதிரே வந்தவனெல்லாம் எனக்கு ஹைபீம் அடித்தான். லோரிக்காரன் அடித்தான், பஸ்காரன் அடித்தான். ஊரே கூடி என்னை வம்புக்கு இழுக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. நானும் திருப்பி அடித்தேன். ஸ்டியரிங்கைக் குத்தினேன். வாயில் வந்த கெட்ட வார்த்தைகளை மகள் பக்கத்தில் இருக்கும்போதே கொட்டினேன்.

"பா, நம்ம லைட்டுதான்பா," என்றாள் ஒரு நாள். "வாய மூடிட்டு வா," என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை, எங்கள் தாமான் குடியிருப்பை விட்டு வெளியே வரும் இருவழிப் பாதை. எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. எங்களை நெருங்கும்போது வளைந்து நெளிந்து, கடந்த மறுகணம் பின்னால் பெரிய சத்தம். பிரேக் போட்டேன். கண்ணாடியில் பார்த்தால், ஓரத்து லோங்காங் சாக்கடையிலிருந்து ஓர் ஆள் ஏறி, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி காரை நோக்கி நொண்டி நொண்டி வந்துகொண்டிருந்தான்.

அடிக்கத்தான் வருகிறான் என்று முடிவு கட்டினேன். சீட்டுக்கடியில் ஸ்டியரிங் லாக் இருந்தது, கார் திருடு போகாமல் பூட்டுகிற இரும்புத் தடி. அதை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"அண்ணே, லைட்டு கண்ணுல அடிக்குது லா! ரோடே தெரியல..." என்று அவன் சொல்லி முடிக்கவில்லை. முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது, தடுக்கத் தூக்கிய கையில். ஹெல்மெட் உருண்டு ஓடியது. என் வயதுக்காரன், தமிழன், தொழிற்சாலைச் சட்டை போட்டிருந்தான், முழங்கால் கிழிந்து ரத்தம். இதையெல்லாம் அடித்துக்கொண்டே பார்த்தேன். பார்த்தும் நிற்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நொடியில் எனக்குச் சுகமாக இருந்தது.

மூன்றாவது அடிக்கு ஓங்கினேன். மகள் எங்கிருந்து வந்தாள் என்று தெரியாது. இரும்பு இறங்கியபோது நடுவில் அவள் கை இருந்தது. காய்ந்த விறகு ஒடிகிற மாதிரி சத்தம் கேட்டது. அவள் கத்தவில்லை. கையை மார்போடு அணைத்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நான் தடியோடு நின்றேன். அந்த ஆள்தான் முதலில் அசைந்தான். எதிரே இன்னொரு மோட்டார் சைக்கிள் வருவதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, லைட்ட அணைங்க மொதல்ல! அவனும் விழுவான்!" என்று கத்தியபடி, நல்ல கையை வீசிக்கொண்டு காருக்கு முன்னால் ஓடினான். என் விளக்கு அவன் தலைக்கு மேலே ஏறி, வருகிறவன் முகத்தை வெள்ளையாக அடித்தது. அதை என் கண்ணாலேயே பார்த்தேன். ஓடிப்போய் அணைத்தேன்.

சின்ன விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனேன். வழியில், "கையில கார் பானெட் விழுந்துருச்சுன்னு சொல்லும்மா," என்று மகளிடம் சொன்னேன். எலும்பு முறிந்த பிள்ளையிடம் அதைத்தான் என்னால் சொல்ல முடிந்தது.

மாவுக்கட்டு போட்டு முடித்ததும் அவள் நேராக ஆஸ்பத்திரிக்குள் இருந்த போலீஸ் பொண்டோக்குக்கு, புகார் எழுதும் சின்ன அறைக்கு, நடந்தாள். நானும் அந்த ஆளும் பின்னாலேயே போனோம். போகும்போது அவன் என் காதோரம், "பொம்பளப் பிள்ள வச்சிருக்கீங்கண்ணே. நான் தானா விழுந்தேன்னு சொல்லிடறேன்," என்றான். சொன்னபடியே போலீஸ்காரரிடம் மலாயில் சொல்லவும் செய்தான். நான் இரண்டு முறை அடித்த ஆள் அவன்.

"இல்ல சார்," என்றாள் மகள், மலாயிலேயே. "இவர் பொய் சொல்றார். எங்க அப்பா மூணு தடவ அடிச்சாரு. ரெண்டு இவருக்கு, ஒண்ணு எனக்கு."

போலீஸ்காரர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். உண்மையா என்று கேட்டார். என் நாக்கில் எப்போதும் ஓர் "ஆனால்" தயாராக இருக்கும். ஆனால் அவன்தான் முதலில் வந்தான், ஆனால் இருட்டாக இருந்தது, ஆனால் அவள் குறுக்கே விழுந்தாள். மகள் என்னைப் பார்க்கவே இல்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு, அந்த "ஆனால்" வருவதற்காகக் காத்திருந்தாள்.

"உண்மை," என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

எலும்பு முறிந்தபோதும் கட்டுப் போட்டபோதும் அழாதவள், அப்போதுதான் அழுதாள்.