கேமராவுக்குக் காட்டாத கன்னம்

இந்த நாட்டில் மனிதர்கள் பட்டப்பகலில் ஜன்னல் திரையை இழுத்து மூடிக்கொண்டு சினிமா பார்க்கிறார்கள். அறந்தாங்கிப் பக்கம் ஒரு வீட்டில் பகலில் ஜன்னல் சாத்தியிருந்தால் தெருவே வந்து என்ன ஏதென்று விசாரித்துவிடும். கனடாவுக்கு வந்த புதிதில், எதிர்வீட்டு வால்டர் சனிக்கிழமை மதியங்களில் இப்படி இருட்டுக்குள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, இந்த ஆள் ஏதோ கள்ளத்தனம் பண்ணுகிறார் என்றே முடிவுகட்டியிருந்தேன். ஒருநாள் என்னையும் கூப்பிட்டபோது, எதற்குக் கூப்பிடுகிறார் என்று யோசித்துக்கொண்டேதான் போனேன். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பழைய ஹாலிவுட் கறுப்பு வெள்ளைப் படம் என்றால் அவருக்கு உயிர். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை இப்படி ஒரு படம் போட்டார். நான் போய்ச் சேர்வதற்குள் பெயர் ஓடி முடிந்திருந்தது. கப்பலில் வேலை பார்க்கும் மகன் விடுமுறைக்கு வருகிறான். வீடு கைவிட்டுப் போய்விட்டது. அது அவனுக்குத் தெரியக் கூடாதென்று, வீட்டை வாங்கியவரையே கெஞ்சிக் கூத்தாடி, சமையல்காரராக நடிக்க வைக்கிறாள் தாய். மகனாக வந்த நடிகர் வசனத்துக்கு வசனம் புருவத்தைத் தூக்கி உயிரை வாங்கினார். சமையல்காரராக நிற்கும் வீட்டுக்காரர் பிரமாதம். தன் சொந்த வீட்டில் சூப்புக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு அவர் கோபத்தை முழுங்குவது தொண்டையில் தெரிந்தது. தாயாக நடித்த அம்மாளைத்தான் சொல்லி மாளாது. மகன் மாடிப்படி ஏறிப் போனதும் அவர் சிரிப்பை நிறுத்திவிடமாட்டார். மேலே அவன் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை அதை முகத்திலேயே வைத்திருப்பார். “கவனித்தாயா, இவர் இடது கன்னத்தை மட்டும்தான் கேமராவுக்குக் காட்டுவார். மறுபக்கம் அவருக்கே பிடிக்காது,” என்றார் வால்டர்.

சுருக்கென்றது எனக்கு. சில வாரங்களாக வீடியோ காலில் நான் அம்மாவின் வலது கன்னத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முன்பெல்லாம் போனை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு பேசுவார். இப்போது தங்கை செல்வி பிடித்துக்கொள்கிறாள். அம்மா எங்கேயோ டிவி பார்க்கிறவர்போல ஒருபக்கமாக உட்கார்ந்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டு எழுந்துவிடுகிறார். எனக்கு நிரந்தர வசிப்புரிமை இன்னும் வரவில்லை. அது வருவதற்குள் இந்த நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்பது சந்தேகம். இது அம்மாவுக்கும் தெரியும். மறைப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்பவர்கள் எங்கள் ஊரை அறியாதவர்கள். வீட்டுக்கு ஓர் ஆண் வளைகுடாவில் இருக்கும் ஊர் அது. வெளிநாட்டில் இருப்பவனுக்குக் கெட்ட செய்தி சொல்லக் கூடாது என்பது எங்களிடம் சட்டம் மாதிரி. அப்பா குவைத்தில் இருந்தபோது நான் வேப்பமரத்திலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டேன். மாவுக்கட்டோடு என்னைப் போன் முன்னால் நிறுத்தி, அம்மா சொல்லிக்கொடுத்தார்: “கை ஒடஞ்சது வாயில வரக் கூடாது. நல்லாப் படிக்கிறேன்னு சொல்லு. அந்த மனுசன் அங்க ஒத்தையில கெடக்காரு, தெரிஞ்சா சோறு எறங்காது.” பிறகு ரிசீவரை வாங்கி அப்படி ஒரு சிரிப்பு சிரித்தார். எல்லா வீட்டிலும் இதே நாடகம்தான். அக்கம்பக்கத்தாருக்கும் அதில் வேஷம் உண்டு. அப்பா நம்பினாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் சந்தேகத்தைச் சொன்னதும், “அம்மாவிடம் நேராகக் கேட்டுவிடேன்,” என்றார் வால்டர்.

“கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்பார்.”

“அப்படியானால் நன்றாகத்தான் இருக்கிறார்.”

“அப்படிச் சொன்னால்தான் எனக்குப் பயம்.”

மனிதர் குழம்பிப்போனார். எனக்கும் அம்மாவுக்கும் ஏதோ மனஸ்தாபம் என்று எடுத்துக்கொண்டு, தோளில் தட்டி, எல்லாக் குடும்பத்திலும் உள்ளதுதான் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலை, அறந்தாங்கியில் செல்போன் கடை வைத்திருக்கும் நண்பன் குமாரைக் கூப்பிட்டேன். அம்மா பேச்சையே எடுக்கவில்லை. மழை உண்டா என்றுதான் கேட்டேன். “மழையெல்லாம் பரவால்ல மாப்ள. அம்மா நல்லா இருக்காங்க, நேத்துக்கூடப் பாத்தேன், நல்லா நடமாடுறாங்க,” என்றான். கேட்காத கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. அடப்பாவி, இவனையும் சேர்த்துக்கொண்டார்கள்.

உடனே வீட்டுக்கு வீடியோ கால் போட்டேன். வழக்கம்போல வலது கன்னம்.

“அம்மா, கொஞ்சம் அங்கிட்டுத் திரும்புங்க.”

“நெட்டு சரியில்லண்ணே, அப்பறமாக் கூப்பிடவா?” என்றாள் செல்வி.

“போனை வச்சீன்னா இனிமே ஒங்கிட்டப் பேசவேமாட்டேன்.”

“விடு செல்வி, அவன் விடமாட்டான்,” என்றார் அம்மா. திரும்பினார். இடது பக்கம் வாய் கோணி இறங்கியிருந்தது. அந்தக் கண் மூடாமல் நீர் வழிந்துகொண்டிருந்தது.

“முகவாதம்னாங்க. மாத்திரை போவுது. கொஞ்சங் கொஞ்சமாச் சரியாயிரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ஒனக்குச் சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டுக் கெளம்பி வந்துருவ. அதான் சொல்லல.”

எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கிளம்பி வந்துவிடுவேன் என்று அம்மா நம்பியிருக்கிறார். நானோ, அந்த வாயைப் பார்த்துக்கொண்டே, போனால் திரும்பி வர முடியுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா போனைத் தன் கையில் வாங்கிக் கிட்டே வைத்து என்னை உற்றுப் பார்த்தார். “நீ நல்லா இருக்கியாய்யா? மொகம் ஒரு மாதிரியா இருக்கே. எதையும் மறைக்கிறியா?”

“நல்லா இருக்கேம்மா. பேப்பரெல்லாம் ரெடியாயிருச்சு. அடுத்த மாசம் வாரேன்.”

திரை முழுக்க அம்மாவின் முகம், கோணிய வாயோடு, என்னை நம்பப் பார்த்துக்கொண்டிருந்தது. மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள், ஸ்வெட்டர் போட்ட என் முகம் வெகு இயல்பாகச் சிரித்துக்கொண்டிருந்தது.